மூன்றாம் இடம்

என் பெயரை முன்மொழிந்ததும் நான் எழுந்து அறையை விட்டு வெளியே வந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. எங்கள் சுவிசேஷ மாதர் சங்கத்தில் அதுதான் வழக்கம். யாருடைய பெயர் வாக்குக்கு வருகிறதோ அவள் நடைக்குப் போய்விடுவாள். உள்ளே இருப்பவர்கள் கை தூக்கி முடித்ததும் ஞானப்பாட்டில் ஒரு சரணம் பாடுவார்கள். பாட்டுச் சத்தம் கேட்டதும் வெளியே நின்றவள் உள்ளே வருவாள். யார் கை தூக்கினார்கள், யார் தூக்கவில்லை என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாது. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவளே நான்தான்.

ஆனால் அன்று கூடியிருந்தது சங்கம் இல்லை, எங்கள் பழமைவாதக் கட்சியின் வட்டக் குழு. 1920, ஏப்ரல் மாதம். ஜூன் மாதம் நாடாளுமன்றத் தேர்தல். ஹனோவர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு விடுதியின் மாடியறையில் பதின்மூன்று பேர் உட்கார்ந்து வேட்பாளர் பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருந்தோம். பதினோரு ஆண்கள், இரண்டு பெண்கள். ஓட்டு கட்சிக்குத்தான்; கிடைக்கும் ஓட்டுக்கு ஏற்பப் பட்டியலின் மேலிருந்து ஆட்கள் நாடாளுமன்றத்துக்குப் போவார்கள். எங்கள் கட்சிக்கு அந்த வட்டத்தில் இருந்த பலத்துக்கு முதல் மூன்று பேர் நிச்சயமாகப் பெர்லினுக்குப் போவார்கள். நான்காவது ஆள் ஜெபம் பண்ணிக்கொண்டு வீட்டில் இருக்கலாம். முதல் இரண்டு இடங்கள் சண்டையில்லாமல் முடிந்துவிட்டன. மூன்றாவது இடத்துக்கு இரண்டு பெயர்கள். ஒன்று மேஜர் டாசல். மற்றொன்று நான், ஒட்டீலியே ஹார்ட்விக்.

நடையில் ஈர மேல்கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. கீழே சமையலறையிலிருந்து கிழங்கு வேகும் வாசனை வந்தது. நான் ஜன்னலோரம் நின்று பாட்டுக்குக் காத்திருந்தேன்.

இதை இன்று எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. பண்ணையார்களும் வக்கீல்களும் உட்கார்ந்திருக்கும் அறையிலிருந்து எனக்காக ஞானப்பாட்டு வரும் என்று ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். வராது என்று புத்திக்குத் தெரியும். கால்களுக்குத் தெரியவில்லை. இருபது வருடங்களாக அந்தக் கால்கள் பாட்டுக் கேட்ட பிறகே நகர்ந்து பழகியவை.

கதவு திறந்தது. சேணம் தைக்கும் லூடக்கே சுருட்டும் கையுமாக வெளியே வந்தார். கைவினைஞர்கள் சார்பில் குழுவில் இருந்தவர். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அம்மணி, நீங்க இன்னும் இங்கயா நிக்கிறீங்க? கீழ போய் ஏதோ சாப்பிடறீங்கன்னு இல்ல நினைச்சோம்."

"வாக்கு முடிஞ்சதுன்னு யாரும் கூப்பிடலையே."

"வாக்கா? மூணாவது இடத்துக்குக் கை எண்ணியாச்சு, நாலாவது இடமே முடிஞ்சாச்சு. சாப்பாட்டுக்கு எழுந்துக்கப் போறாங்க."

"மூணாவது யாரு?"

"யாரும் இல்ல. மேஜருக்கு ஆறு, உங்களுக்கு அஞ்சு. மொத்தம் பதிமூணு பேர்ல ஏழு கை வேணுமாம், விதியில இருக்காம். வக்கீல் புஸ்தகத்தைத் தூக்கிக் காட்டிட்டார். சாப்பிட்டு வந்து மறுபடியும் எடுக்கணும்." சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டே என்னை ஒரு கண்ணால் பார்த்தார். "அந்த அஞ்சுல ஒண்ணு என்னோடது. என் பொண்டாட்டி சொல்லியனுப்பினா. தூக்காம வந்தா ராத்திரிக்குச் சோறு கிடையாதாம்."

நான் கணக்குப் போட்டேன். ஆறும் ஐந்தும் பதினொன்று. வெளியே நின்ற நான் ஒருத்தி. அப்படியானால் உள்ளே இருந்த இன்னொருவர் கையைத் தூக்கவே இல்லை.

"மேஜர் எங்க நின்னார்?" என்று கேட்டேன்.

"எங்க நிப்பார்? நாற்காலியில உக்காந்திருந்தார்."

"தனக்கே கை தூக்கினாரா?"

"தூக்காம என்ன? முதல் கையே அவரோடதுதான்." லூடக்கே சிரித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க அம்மணி. உலகத்துல எல்லாரும் அப்படித்தான். உங்களைத் தவிர."

உங்களைத் தவிர. அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். மேல்கோட்டுகளின் நடுவே எனக்கு அது வேறு மாதிரி உறைத்தது. வெளியே போவதில் எனக்கு எப்போதுமே ஒரு ருசி இருந்திருக்கிறது. எழுந்திருக்கும்போது மற்ற பெண்கள் என்னைப் பார்க்கும் பார்வை, கதவை மெல்லச் சாத்துவது, தனியாக நிற்பது, பிறகு பாட்டு. தேடாமலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவளாக உள்ளே நுழைவது. அதைத் தாழ்மை என்று சொல்லிக்கொண்டேன். இருபது வருடங்களில் ஒரு முறைகூடப் பாட்டு வராமல் இருந்ததில்லை என்பதை நான் யோசித்ததே இல்லை. தோற்கவே முடியாத இடத்தில் வெளியே போவதற்குத் தாழ்மை எதற்கு?

கதவு மறுபடி திறந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். மட்டில்டே பேடெக்கர் கடைசியாக வந்தாள். வட்டப் போதகரின் மனைவி. சங்கத்தில் எனக்கு அடுத்த இடத்தில் இருப்பவள். குழுவில் இருந்த இன்னொரு பெண் அவள்தான். என்னைக் கடந்து படியிறங்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத் தூக்காதவர் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஐந்து ஆண்கள் எனக்காகக் கை தூக்கியிருந்தார்கள். ஒரு பெண்கூடத் தூக்கவில்லை.

கீழே நீளமான மேஜையில் கிழங்குச் சூப்பும் உப்பு மீனும் வைத்தார்கள். போர் முடிந்து ஒன்றரை வருடமாகியும் ரொட்டி இன்னும் கறுப்பாகவே இருந்தது. குழுத் தலைவர், வக்கீல் க்ளென்கே, தன் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மரியாதை தெரிந்தவர். பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், சாவு வீட்டில் பேசுவது போல.

"அம்மணி, உங்களுக்கு ஆறாவது இடம் தரலாம்னு எல்லாருக்கும் சம்மதம். கட்சியோட பெண்கள் குழுவுக்கும் நீங்களே தலைவி. மேஜருக்காக விட்டுக்கொடுக்கறேன்னு நீங்களே ரெண்டு வார்த்தை பேசிட்டா நன்றித் தீர்மானம் ஒண்ணு போட்டுடுவோம். எல்லாரும் எழுந்து நின்னு."

"ஆறாவது ஆள் பெர்லினுக்குப் போக மாட்டார், வக்கீலய்யா."

"போக மாட்டார்தான். ஆனா பாருங்க, பெண்கள் உங்களை ஏன் நம்பறாங்க? பதவிக்கு அலையாதவங்கன்னு நம்பறாங்க. அதை ஒரு நாற்காலிக்காக வித்துடாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் சொன்னது பொய் இல்லை. அதனால்தான் நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

பெண்களுக்கு ஓட்டு வேண்டாம் என்று ஊர் ஊராகச் சொன்னவள் நான். பெண்ணுக்குத் திருச்சபையில் இடம் வேண்டும், பள்ளியில் வேண்டும், ஏழைகள் விடுதியில் வேண்டும், ஆனால் ஓட்டுச்சாவடியில் வேண்டாம் என்பது எங்கள் சங்கத்தின் நிலை. பிறகு பேரரசர் போனார், குடியரசு வந்தது, நாங்கள் கேட்காத ஓட்டு எங்கள் மடியில் விழுந்தது. விழுந்ததைத் தரையில் விட்டால் சோஷலிஸ்டுகள் பொறுக்கிக்கொள்வார்கள். அதனால் 1919 ஜனவரிப் பனியில் சங்கத்துப் பெண்கள் ஆளுக்கு இரண்டு தெருவாகப் பிரித்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினோம். எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ஓட்டுப் போடப் போகும்போது அதை யார் பார்த்துக்கொள்வது, எந்தக் கிழவிக்குக் கைத்தாங்கல் வேண்டும் என்று எல்லாம் நோட்டில் எழுதினோம்.

நான்காவது மாடியில் ஒரு விதவை, கையுறை தைப்பவள், கதவைப் பாதி திறந்து என்னைப் பார்த்தாள். "ரெண்டு வருஷம் முன்னாடி பொம்பளைக்கு ஓட்டு வேண்டாம்னு கையெழுத்து வாங்க வந்தீங்க. இப்ப ஓட்டுக் கேட்டு வர்றீங்க. அடுத்த தடவை எதுக்கு வருவீங்கன்னு இப்பவே சொல்லிடுங்கம்மா, எனக்கு எழுந்து வந்து கதவைத் திறக்கற வேலை மிச்சம்." கடமை மாறிவிட்டது என்று பதில் சொன்னேன். அவள் சிரித்தாள். ஆனாலும் உள்ளே கூப்பிட்டாள். ஜன்னல் பலகையில் தோல் துண்டுகள் குவிந்து கிடந்தன. விளக்குக்கு எண்ணெய் வாங்க முடியாமல் பகல் வெளிச்சம் இருக்கும்வரை மட்டும் தைக்கிறாள் என்றும், அதற்குள் எத்தனை ஜோடி முடிக்க வேண்டும் என்று இடைத்தரகன்தான் முடிவு செய்கிறான் என்றும் சொன்னாள். வீட்டிலிருந்து தைக்கும் பெண்களைக் காப்பாற்ற ஒரு சட்டம் வேண்டும் என்று நான் அதற்கு முன்பே அமைச்சகத்துக்கு மூன்று மனுக்கள் அனுப்பியிருந்தேன். மூன்றுக்கும் பதில் வந்தது, மிக மரியாதையான பதில்.

மேஜர் டாசல் பெர்லினுக்குப் போனால் கொடியைப் பற்றியும் படையைப் பற்றியும் நன்றாகப் பேசுவார். நானும் கைதட்டுவேன். தோல் துண்டுகளைப் பற்றி அவர் பேச மாட்டார். அவருக்கு அது தெரியவே தெரியாது.

நான் விட்டுக்கொடுக்க மறுப்பதற்கு இதுதான் காரணமா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். மேஜைக்கு எதிரே லூடக்கே மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். இதுவும் காரணம்தான். ஆனால் இதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. எனக்கு அங்கே போக ஆசை. அந்தப் பெரிய மண்டபத்தில் எழுந்து நிற்க ஆசை, என் குரல் கடைசி வரிசைவரை போவதைக் கேட்க ஆசை. வனத்துறைக் குடியிருப்பில் அப்பாவின் நாய்களோடு வளர்ந்த நாளிலிருந்தே அந்த ஆசை இருந்தது என்று நினைக்கிறேன். அதற்கு ஊழியம் என்று சட்டை போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டி வைத்திருந்தேன். அன்று மதியம் சூப்புக் கிண்ணத்தின் முன்னால் அது சட்டையில்லாமல் நின்றது. பார்த்துவிட்டேன். பார்த்தபிறகும் எனக்குப் பெர்லினுக்குப் போக வேண்டும் என்றே இருந்தது.

"யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் க்ளென்கே.

"மேஜர் காலையில அறையை விட்டு வெளிய போகலை இல்லையா?"

"அவரும் குழு உறுப்பினர்தானே, அம்மணி."

"நானும்தான்," என்றேன். அவர் ஏதோ சொல்ல வாய் திறந்து, மீனை வைத்து அடைத்துக்கொண்டார்.

மட்டில்டே மேஜைக்கு வரவில்லை. முற்றத்துப் பக்கத் தாழ்வாரத்தில் ஒரு கோப்பை வறுத்த பார்லிக் காப்பியோடு நின்றிருந்தாள். மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"நீதானே?" என்றேன்.

"நான்தான்." அவள் மறைக்கவில்லை. "பொண்ணுக்குப் பொண்ணு கை தூக்கினா என்ன சொல்லுவாங்க? ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்காங்கன்னு சொல்லுவாங்க. ஆம்பளைங்களே உன்னைத் தேர்ந்தெடுத்தா அதுக்கு ஒரு கௌரவம். உனக்கு எப்படியும் ஏழு வரும்னு நினைச்சேன்."

"வரலை."

"வரலை. அதுக்கு நான் என்ன பண்ண? 'ஒரு பெண்ணின் கை அவளுக்காகவோ அவள் சிநேகிதிக்காகவோ உயர வேண்டாம்.' யார் எழுதினது? நம்ம சங்கத்துக் கையேடு, மூணாம் பக்கம். இருநூறு பொண்ணுங்களுக்கு நான் அதை மனப்பாடம் பண்ண வச்சிருக்கேன், ஒட்டீலியே."

அந்த வாக்கியத்தை எழுதிய காலைப்பொழுது எனக்கு ஞாபகம் வந்தது. நன்றாக அமைந்துவிட்டது என்று இரண்டு முறை உரக்கப் படித்துப் பார்த்தேன்.

"அது தப்பு, மட்டில்டே."

"இன்னைக்கு மத்தியானத்துலேர்ந்தா?"

"அப்பவும் தப்புதான். எனக்கு இன்னைக்கு மத்தியானம்தான் தெரிஞ்சது."

அவள் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப என்ன பண்ணப்போற?"

"உள்ள உக்காரப்போறேன். எனக்குக் கை தூக்கப்போறேன்."

"ஐயோ, வேண்டாம்." உண்மையாகவே பயந்துவிட்டாள். "நாளைக்கு அது ஊர் முழுக்கத் தெரியும். நம்ம பொண்ணுங்க முகத்துல எப்படி முழிப்ப? அந்தச் சிவப்புக் கட்சிக்காரிகளுக்கும் நமக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?"

"அவங்க யாரும் நடையில நின்னு பாட்டுக்குக் காத்திருக்கறதில்லை. அது ஒரு வித்தியாசம்."

அவள் சிரிக்கவில்லை. நான் அவள் கையைப் பிடிக்கவும் இல்லை. பிடித்திருந்தால் கெஞ்சுவதாக ஆகியிருக்கும்.

"எனக்குத் தூக்குன்னு நான் கேக்கலை," என்றேன். "என்னோட கையைச் சேர்த்தாலும் ஆறுதான் ஆகும். மேஜர்தான் பொருத்தம்னு நீ நினைச்சா அவருக்குத் தூக்கு, அவருக்கு ஏழாகும், நான் வீட்டுக்குப் போறேன். கோபப்பட மாட்டேன். ஆனா கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காத. அது அடக்கம் இல்ல. நாம அதை அடக்கம்னு பேர் வச்சுக் கூப்பிட்டுட்டோம்."

"நாம இல்ல. நீ."

"சரி. நான்."

உள்ளே மணி அடித்தார்கள். அவள் மீதிக் காப்பியை முற்றத்தில் கொட்டிவிட்டு எனக்கு முன்னால் படியேறினாள்.

மாடியறையில் எல்லோரும் உட்கார்ந்ததும் க்ளென்கே மூன்றாம் இடம் என்று அறிவித்து இரண்டு பெயர்களையும் வாசித்தார். பிறகு என்னையும் கதவையும் பார்த்தார். மேஜர் டாசல் உடனே எழுந்து போய்க் கதவைத் திறந்து, குனிந்து, எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். கேலி இல்லை. நல்ல வளர்ப்பு. ஒரு பெண் வெளியே போக வேண்டியிருந்தால் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஏழு வயதில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

என் முழங்கால்கள் எழுந்துவிடத் துடித்தன. நான் அவற்றின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"நன்றி, மேஜர்," என்றேன். "காத்து உள்ள வருது. கதவைச் சாத்திட்டு வந்து உக்காருங்க. நான் எங்கயும் போகலை."

அவர் சாத்திவிட்டு வந்தார். லூடக்கே இருமினார், அல்லது இருமுவது போல் வேறேதோ செய்தார்.

"மேஜர் டாசலுக்கு," என்றார் க்ளென்கே. கைகள் எழுந்தன. மேஜரின் கை இந்த முறை சற்றுத் தாமதமாக எழுந்தது. ஆறு. மட்டில்டேயின் கை எழவில்லை.

"அம்மணி ஹார்ட்விக்குக்கு."

என் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு எனக்காக எதையும் கேட்டு நான் அதைத் தூக்கியதில்லை. சட்டைக் கையின் தையல் அக்குளில் இழுத்தது. அந்தச் சட்டையைத் தைத்தவள் நான் கையைத் தோளுக்கு மேலே உயர்த்துவேன் என்று நினைக்காமல் அளவெடுத்திருக்கிறாள். முகம் எரிந்தது. நெற்றியில் வியர்வை அரும்புவது தெரிந்தது. ஆனாலும் பாதியில் நிறுத்தி, முழங்கையை மேஜையில் ஊன்றி, சந்தேகம் கேட்பவள் மாதிரி வைத்துக்கொள்ளவில்லை. முழுதாக நீட்டினேன்.

க்ளென்கே பென்சிலால் ஒவ்வொரு கையாகத் தொடுவது போல எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு." என்னிடம் வந்தபோது பென்சில் நின்றது. "ஆறு." சுற்றிப் பார்த்தார். "ஆறுக்கு ஆறு. அப்படின்னா விதிப்படி நாம..."

"எண்ணி முடிக்கலை," என்றாள் மட்டில்டே.

அவள் கை காதுவரைதான் உயர்ந்திருந்தது. கண்களை மேஜை விரிப்பில் வைத்திருந்தாள், கன்னங்கள் சிவந்து போயிருந்தன. ஒரு போதகர் தன் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார். கை இறங்கவில்லை.

"ஏழு," என்றார் க்ளென்கே.

மேஜர் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து எனக்குக் கை கொடுத்தார். "படையில இதுக்கு வேற பேர் சொல்லுவோம், அம்மணி. பெண்கள் முன்னாடி சொல்ல மாட்டேன்," என்றார். அவர் கோபம் உண்மையானது. கை கொடுத்ததும் உண்மையானது.

குறிப்பேட்டில் எழுத வேண்டிய நேரம் வந்தபோது க்ளென்கே என் பக்கம் சாய்ந்தார். "மூன்றாம் இடம், ஏழு வாக்குன்னு மட்டும் எழுதிக்கறேன். யார் யார் கைன்னு விவரம் வேண்டாம். உங்க பேரைக் காப்பாத்தத்தான் சொல்றேன்."

இன்னொரு கதவு திறந்து எனக்காகக் காத்திருப்பது தெரிந்தது. நடையில் நின்று வந்தவள் மாதிரியே இதிலிருந்தும் சுத்தமாக வெளியே வரலாம். சங்கத்துப் பெண்களுக்குத் தெரியாது. அவர்களில் மட்டில்டேக்கு மட்டும் தெரியும். அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

"வேட்பாளர் அறையில் இருந்தார், தனக்கு வாக்களித்தார்னு எழுதுங்க," என்றேன். "காலை வாக்கெடுப்புக்குக் கீழ மேஜருக்கும் அதே வரியை எழுதிடுங்க."

"எழுதுங்க, எழுதுங்க," என்றார் மேஜர். "ரெண்டு பேரும் ஒரே நரகத்துக்குத்தான் போறோம்."

க்ளென்கே எழுதினார். எழுதி முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

டிராம் நிறுத்தத்துக்கு மட்டில்டேயும் நானும் ஒரு குடையின் கீழ் நடந்தோம். என் குடை என்பதால் அவள் என்னோடு நடக்க வேண்டியிருந்தது.

"உனக்காகத் தூக்கலை," என்றாள் இரண்டாவது தெருமுனையில். "அந்தக் கையுறைக்காரிகளுக்காகத் தூக்கினேன்."

"எனக்கு அது போதும்."

"உனக்குப் போதும். எனக்குப் போதாது. செவ்வாய்க்கிழமை சங்கத்துல நான் அந்த மூணாம் பக்கத்தை எழுந்து நின்னு வாசிக்கப்போறேன். எல்லார் முன்னாடியும் விளக்கம் கேப்பேன். விட மாட்டேன்."

"கேளு."

"அழ வச்சுடுவாங்க உன்னை. அந்தத் தலைமை ஆசிரியை இருக்காளே, ராஜினாமா கடிதத்தையே கையோட கொண்டு வருவா."

"வரட்டும். நான் உள்ளயே உக்காந்திருப்பேன்."

டிராம் வந்தது. அவள் ஏறினாள். இடம் இருந்தும் என் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவள் தொப்பியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பயணம் செய்தேன். இருபது வருடச் சிநேகிதம். வலித்தது. அந்த வலிக்காக நான் எதையும் திரும்பக் கொடுக்கத் தயாராக இல்லை என்பதும் தெரிந்தது. பையிலிருந்து தெருக்கள் எழுதிய நோட்டை எடுத்தேன். ஜூனுக்கு ஏழு வாரங்கள் இருந்தன. சென்ற முறை எங்களுக்குக் கதவைத் திறக்காத வீடுகள் நாற்பத்தொன்று. எந்தத் தெருவில் முதலில் தொடங்குவது என்று பார்க்க ஆரம்பித்தேன்.